ஊர்கள் பல, பாட்டு ஒன்று

(தண்ணீர்மலை ஆலய அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்று பழகியவன் நான். ஆகவே இன்றைய உரையும் ஒரு பாடம் போலவே அமைந்துவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் எடுத்துக் கொண்ட பொருள் சற்றுப் புதியது. ஒரே இடத்தில் கூடாமல், அவரவர் வீட்டில் இருந்தபடியே, பல ஊர்க்காரர்கள் இணையத்தின் துணையால் ஒரு பாட்டைச் சேர்ந்து பாட முடியுமா? முடியும் என்றால் எப்படி? அதனால் நம் ஆலயத்துக்கும் நம் பிள்ளைகளுக்கும் விளையக் கூடிய நன்மை என்ன? இவையே என் கேள்விகள்.

ஆலயத்தில் அமர்ந்து பாடுவதை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பாடினால் போதும் என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது, ஆலயத்துக்கு வர இயலாமல் போனவர்களைப் பற்றி. நமது மலைக்கோயிலுக்கு 513 படிகள். முழங்கால் வலியால் அடிவாரத்திலேயே நின்று கைகூப்பித் திரும்பும் மூதாட்டிகளை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் பிறந்து கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் இலண்டனிலும் குடியேறிவிட்ட நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய குரல்களெல்லாம் நம் கூட்டுப் பாடலில் இருந்து நழுவிப் போய்விட்டன. அவற்றைத் திரும்பச் சேர்க்க வழி உண்டா என்பதுதான் என் கவலை.

கூட்டுப் பாடலுக்கு வந்த சோதனை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் மறக்க முடியாது. கோயில் கதவுகள் மூடின. 2021 ஜனவரி 28ஆம் நாள் வந்த தைப்பூசத்தன்று பினாங்கில் இரத ஊர்வலம் இல்லை, காவடி இல்லை, தண்ணீர்ப் பந்தல்கள் இல்லை. அந்த அமைதியை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் மற்றக் கூட்டங்களைவிடப் பாடற் கூட்டத்துக்கே கூடுதல் அச்சம் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 10ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்னும் வட்டாரத்தில், ஒரு பாடற் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தனர். அவர்களுள் ஒருவருக்கு நோய் அறிகுறி இருந்தது. பின்னர் மேலும் 52 பேர் நோயுற்றனர். சோதனையில் உறுதியானவர்கள் 32 பேர், அறிகுறிகளைக் கொண்டு கணித்தவர்கள் 20 பேர். இருவர் உயிரிழந்தனர். உரக்கப் பாடும்போது மூச்சு ஆழமாகிறது. வாயிலிருந்து நுண்ணிய துளிகள் மிகுதியாக வெளிப்படுகின்றன. சேர்ந்து பாடுவதே ஆபத்தாகிவிட்ட காலம் அது.

அப்போது உலகெங்கும் உள்ள பாடற் குழுக்கள் இணையத்தை நாடின. நம்மவரும் நாடினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் நடந்து வரும் தியாகராஜர் ஆராதனை விழா கூட இணையத்துக்கு மாறியது. கேரளத்தில் 2020 ஏப்ரல் மாதம், பாடகி கே. எஸ். சித்ராவும் இருபதுக்கும் மேற்பட்ட பாடகர்களும், உலகம் நலம்பெற வேண்டும் ஒரு பழைய பாடலை ஆளுக்கு ஒரு வரியாக அவரவர் வீட்டில் இருந்து பாடி ஒன்றாக்கி வெளியிட்டனர். அடுத்த மாதமே இந்தியப் பாடகர்கள் இருநூறு பேருக்கு மேல் சேர்ந்து ‘ஜயது ஜயது பாரதம்’ என்ற பாடலை அதே முறையில் உருவாக்கினர்.

உடனுக்குடன் ஏன் சேர்ந்து பாட முடிவதில்லை?

நானும் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடித் திருமுறையும் திருப்புகழும் பாடி வந்த சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். ஏறத்தாழ இருபது பேர். வீட்டில் அடைபட்ட முதல் மாதத்திலேயே, கைப்பேசியில் கூட்டச் செயலியைத் திறந்து அனைவரும் சேர்ந்து பாடிப் பார்த்தோம். என்ன ஆயிற்று தெரியுமா? ஒருவர் முதலடியை முடிக்கும்போது இன்னொருவர் அதன் நடுவில் இருந்தார். மூன்றாமவர் அப்போதுதான் தொடங்கினார். ஒரு குரல் திடீரென்று காணாமல் போகும், மறுபடி முளைக்கும். சந்தைக்கடை இரைச்சலாகிவிட்டது. குறை பாடியவர்களிடம் இல்லை. அதன் காரணத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மண்டபத்தில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதை அடைய, ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் ஏறத்தாழ 29 பங்கு நேரம் ஆகும். இந்த அளவுத் தாமதம் வரை சேர்ந்து பாடுவோருக்கு இடைஞ்சல் பெரிதாகத் தெரியாது. இதைத் தாண்டினால் தாளம் தடுமாறத் தொடங்கும்.

இணையத்தில் என்ன நடக்கிறது? பினாங்குக்கும் சென்னைக்கும் நேர்த் தொலைவு ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். கண்ணாடி இழையின் வழியே ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடும். நேராக ஒரே இழையில் ஓடினால் 12 பங்கு நேரம் போதும்! ஆனால் கம்பிகள் நேராகச் செல்வதில்லை. அதோடு, நம் குரலைக் கைப்பேசி எண்களாக மாற்ற வேண்டும், பொட்டலங்களாகக் கட்டி அனுப்ப வேண்டும், எதிர்ப்பக்கம் அவற்றைச் சேகரித்து வரிசைப்படுத்தி மீண்டும் ஒலியாக்க வேண்டும். இந்த வேலைகளிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. தொலைபேசி உரையாடலுக்கு ஒரு வழித் தாமதம் 150 பங்குக்குள் இருந்தால் போதும் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது. பேச்சுக்கு அது போதும். பாட்டுக்கு?

ஒரு கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் தாளம் போட்டால், ஒரு தட்டுக்கு அரை விநாடி. அதில் நான்கு எழுத்து ஒலித்தால், ஓர் எழுத்துக்கு 125 பங்கு நேரம். தாமதம் 150 பங்கு என்றால், நம் காதில் விழும் நண்பரின் குரல் ஓர் எழுத்துக்கு மேல் பின்தங்கி இருக்கிறது என்று பொருள். அவருக்காக நாம் காத்திருப்போம். நமக்காக அவர் காத்திருப்பார். பாட்டின் நடை இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் நின்றே போகும்.

இன்னொரு தடையும் உண்டு. கூட்டச் செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. ஒருவர் பேசும்போது மற்றவர் ஒலியை அமுக்குவது அவற்றின் இயல்பு. இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி நீக்கப் பார்ப்பதும் உண்டு.

தாமதத்தை மிகவும் குறைக்கும் கருவிகளும் உள்ளன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஜாக்டிரிப்’, 2006இல் தோன்றிய ‘ஜாமுலஸ்’ ஆகியவை அத்தகையவை. ஒரே நகரத்தில், நல்ல இணைப்பும் கம்பி வழிக் கருவிகளும் உள்ளவர்களுக்கு அவை உதவும். ‘நின்ஜாம்’ என்ற மற்றொன்று வேறு தந்திரம் செய்கிறது. தாமதத்தைக் குறைக்க முயலாமல், அதை ஒரு முழுத் தாள வட்டமாக நீட்டிவிடுகிறது. நீங்கள் இப்போது பாடுவது அடுத்தவருக்கு அடுத்த ஆவர்த்தனத்தில் கேட்கும். வாத்தியக்காரர்கள் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது இது பொருந்தும். வரிக்கு வரி சொல் மாறும் நம் துதிப் பாடல்களுக்குப் பொருந்தாது.

இதில் நாம் மலைக்க வேண்டியதும் இல்லை. தைப்பூச ஊர்வலத்தில் இரதத்துக்கு முன்னே பாடிச் செல்பவரின் குரல், 170 மீட்டர் பின்னே வருபவரை அடைய அரை விநாடி ஆகிறது. அவர் ஒரு தட்டுப் பிந்தித்தான் பாடுகிறார். அதனால் பக்தி குறைந்ததா? இல்லை. ஆனால் அதை ஒரே பாட்டாகப் பதிவு செய்து கேட்க வேண்டும் என்றால் வேறு வழிதான் தேட வேண்டும்.

தனித்தனியே பாடி ஒன்றாக்கும் முறை

அந்த வேறு வழியை உலகறியச் செய்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர். ஓர் இளம்பெண் அவருடைய இசையில் ஒரு குரலை மட்டும் தனியே பாடிப் படமெடுத்து அவருக்கு அனுப்பி வைத்தாள். அதைக் கண்ட அவருக்கு, நூறு பேர் இப்படியே அவரவர் பங்கைப் பாடி அனுப்பினால், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் ஒரு குழுப் பாடல் ஆகிவிடுமே என்று தோன்றியது. எதிரே ஒருவரும் இல்லாமல், மனத்துக்குள் பாட்டை ஓடவிட்டு, கையசைத்து நடத்துவதைப் படமாக்கினார். பிறகு அந்தக் கையசைவுக்கு ஏற்பப் பியானோ வாசித்துச் சேர்த்தார். அதைப் பார்த்துப் பலரும் பாடி அனுப்பினர். 2010இல் வெளிவந்த அந்தப் பாடலில் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் பாடினர். அடுத்த ஆண்டில் 58 நாடுகளில் இருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குரல்கள். 2020இல், பெருந்தொற்றின் நடுவே, 129 நாடுகளில் இருந்து 17,572 பேர்!

எங்கள் சிறு குழுவும் இம்முறையைக் கையாண்டது. எந்தக் குழுவும் செய்யக் கூடியதுதான். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சுருதி. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை இதமாக இருக்கும். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. பொதுவாக எதைக் கொள்வது என்பதைப் பாடுமுன் முடிவு செய்துவிட வேண்டும். அவரவர் வீட்டுச் சுருதிப் பெட்டியில் அவரவருக்குப் பிடித்த கட்டையில் பாடி அனுப்பினால், பிறகு எந்த இயந்திரத்தாலும் செம்மையாக ஒட்ட வைக்க இயலாது.

இரண்டாவது வழிப்பாடம். தம்புரா, தாளத் தட்டு, தேர்ந்த ஒருவரின் குரல் மூன்றும் அடங்கிய ஒரு பதிவு. தொடக்கத்தில் நான்கு தட்டும், அதன்பின் ஓங்கி ஒரு கைத்தட்டும் இருக்க வேண்டும். இதை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, வீட்டில் பதிவு செய்வது. ஒரு கைப்பேசியில் வழிப்பாடத்தைக் காதொலிப்பானில் கேட்டுக் கொண்டு, இன்னொரு கைப்பேசியில் நம் குரலை மட்டும் பதிவு செய்ய வேண்டும். வழிப்பாடம் வெளியே கேட்கக் கூடாது. கேட்டால் இருபது பேர் பதிவிலும் அதே குரல் புகுந்து கொள்ளும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். துணிகள் நிறைந்த படுக்கையறை நல்லது, எதிரொலி குறையும். வழிப்பாடத்தில் கைத்தட்டல் வரும்போது நாமும் சேர்ந்து ஒரு முறை கை தட்ட வேண்டும்.

நான்காவது, ஒன்றாக்குவது. கணினியில் எல்லாப் பதிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கைத்தட்டல் ஒலிகள் நேர்க்கோட்டில் வருமாறு நகர்த்த வேண்டும். பின் ஒவ்வொரு குரலின் அளவையும் கூட்டிக் குறைத்துச் சமன் செய்ய வேண்டும். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பொருட்செலவு சிறிது, பொறுமைச் செலவுதான் பெரிது. ஐந்து நிமிடப் பாட்டை 60 பேர் பாடினால், ஒரு முறை தனித்தனியே கேட்டு முடிக்கவே ஐந்து மணி நேரம் வேண்டும்.

நம்மவர் முன்பே கண்ட வழி

அன்பர்களே! இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று சிந்தித்துப் பாருங்கள். கணினியில் இல்லை. பாடுபவர்கள் ஒருவரையொருவர் காணாமலே, ஒரே பாடத்துக்கும் ஒரே தாளத்துக்கும் கட்டுப்படுகிறார்களே, அங்கே இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாதபோதும், ‘என் குரலோடு இன்னும் பல குரல்கள் சேரப் போகின்றன’ என்று நம்பி அவர்கள் பாடுகிறார்கள்.

இது நமக்குப் புதிதன்று. இணையம் பிறப்பதற்கு முன்பே இதைச் செய்து காட்டியவர்கள் ‘திருப்புகழ் அன்பர்கள்’. 1950களின் பிற்பகுதியில் தில்லியில் குருஜி ஏ. எஸ். இராகவன் அவர்கள் தொடங்கிய இயக்கம் அது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரின் பாடல்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு அவர் இராகமும் தாளமும் வகுத்தார். கட்டணம் இன்றிக் கற்பித்தார். கற்றவர்கள் தத்தம் ஊர்களில் மற்றவர்களுக்குக் கட்டணம் இன்றிக் கற்பித்தார்கள். பாடம் எங்கும் ஒன்றே. ஆகையால் தில்லியில் கற்றவரும் மும்பையில் கற்றவரும் சென்னையில் கற்றவரும் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் முதன்முதலாகச் சந்தித்தாலும், ஒத்திகை இல்லாமலே ஒரே குரலாகப் பாட முடிகிறது. அவரவர் ஊரில் தனித்தனியே கற்பது, பிறகு ஒன்று சேர்வது என்பது இணையப் பாடலின் அதே இலக்கணம் அல்லவா?

திருப்புகழ் இதற்கு வாய்ப்பாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. அதன் சந்தம் அளந்து வைத்தாற்போல் இருக்கும். குறில் எங்கே, நெடில் எங்கே, வல்லினம் எங்கே, மெல்லினம் எங்கே என்று ஒவ்வோர் அடியிலும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். பாட்டுக்குள்ளேயே தாளக் கருவி ஒன்றை அருணகிரியார் வைத்துவிட்டார். வேறு வேறு வீட்டில் பாடினாலும் சந்தம் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

தமிழில் சேர்ந்திசைக்கு இன்னொரு வழியும் உண்டு. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் அவர்கள் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை நிறுவினார். ஒரே மெட்டை எல்லாரும் பாடுவதோடு நில்லாமல், ஒரே நேரத்தில் வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு சுரங்களில் இணைந்து ஒலிக்கும் முறையைத் தமிழ்ப் பாடல்களுக்குக் கொண்டு வந்தார். அவர் 1988இல் மறைந்தார். ஆலயத் துதிப் பாடலுக்கு ஒரே மெட்டே போதும் என்பது என் கருத்து. நம் பிள்ளைகள் இவ்விதப் பாடலில் ஆர்வம் காட்டினால் அதையும் நாம் வரவேற்க வேண்டும்.

எந்தக் குரலையும் தள்ளாதிருப்போம்

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் எண்பதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். அங்கே தம் தந்தையாரிடம் பாடல்களைக் கற்றவர். பேத்தி கைப்பேசியைப் பிடித்துக் கொள்ள, அவரும் பாடி அனுப்பினார். பதிவுகளை ஒன்றாக்கும் பொறுப்பை என் பழைய மாணவர் ஒருவரின் மகன் ஏற்றிருந்தான். அவன் என்னை அழைத்தான்.

“சார், பாட்டி குரல் ரொம்ப நடுங்குது. நடுவுல குக்கர் விசில் சத்தமும் விழுந்திருக்கு. இந்த ஒரு பதிவ எடுத்துட்டா பாட்டு சுத்தமா இருக்கும். எடுத்துடட்டுமா?”

குழுவில் எல்லாரையும் கேட்டோம். ஓர் அம்மா சொன்னார்: “கோயில்ல பாடறப்ப யாரையாவது எழுந்து போகச் சொல்றோமா, தம்பி?”

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. விசில் சத்தத்தை மட்டும் வெட்டினான். குரலை அப்படியே வைத்து, அளவைச் சற்றுக் குறைத்து, கூட்டத்தின் நடுவே சேர்த்தான். பாட்டு கெடவில்லை. இருபது குரல்கள் சேரும்போது ஒரு குரலின் நடுக்கத்தை மற்றவை தாங்கிக் கொள்கின்றன. கூட்டுப் பாடலின் அருளே அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பதிவைத் தனியே கேட்டபோது, ஓரிடத்தில் அவர் மெட்டை வேறு விதமாக வளைத்துப் பாடுவது எங்கள் காதில் விழுந்தது. அவர் தந்தையாரிடம் இருந்து வந்த பாணி அது. பல ஆண்டுகள் அவர் பக்கத்தில் அமர்ந்து பாடியும் எங்களுக்கு அது தெரியாமல் இருந்தது. கூட்டத்தில் அமுங்கிப் போயிருந்தது. தனியே பதிவானதால் வெளிப்பட்டது. இப்போது எங்கள் குழுவின் இளைய பெண்கள் இருவர் அந்த வளைவைக் கற்றுப் பாடுகிறார்கள். மறு ஆண்டு அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய குடும்பத்தார் எங்களிடம் கேட்டு வாங்கிச் சென்றது அந்தத் தனிப் பதிவைத்தான். அதற்கு முன் அவர் பாடி எவரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கணினி நம் கையில் ஒரு பெரும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. பிசிறு தட்டும் குரலை ஒரு விரல் அசைவில் நீக்கிவிடலாம். சுருதி விலகினால் இயந்திரத்தைக் கொண்டே திருத்தி, எல்லாக் குரல்களையும் ஒரே மாதிரி வழவழப்பாக ஆக்கிவிடலாம். போட்டிக்கும் வியாபாரத்துக்கும் அது தேவைப்படலாம். வழிபாட்டுக்கு அது வேண்டாம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்தவர்களில் வலியவரும் உண்டு, மெலியவரும் உண்டு. மெலியவரின் கையை எவரும் வடத்தில் இருந்து எடுத்துவிடுவதில்லை.

இம்முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியே கைப்பேசிக்கு முன் பாடும்போது பக்கத்தில் இருப்பவரின் மூச்சு கேட்பதில்லை. அவர் கண் கலங்கினால் நமக்குத் தெரிவதில்லை. பாட்டு முடிந்ததும் எழும் அந்த அமைதி இல்லை. பிரசாதம் பகிர்வது இல்லை. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் தெரிந்தாலும், அவை ஒன்றையொன்று பார்த்த முகங்கள் அல்ல. ஆகவே படியேறி வரக் கூடியவர்கள் கட்டாயம் வர வேண்டும். வர இயலாதவர்களுக்கே இந்த வழி.

மூன்று விண்ணப்பங்கள்

ஆலய நிர்வாகத்தார்க்கும் அறங்காவலர்களுக்கும் கொடையாளர்களுக்கும் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

ஒன்று: பொதுப் பாடம். திருமுறையில் இருந்தும் திருப்புகழில் இருந்தும் பன்னிரண்டு பாடல்களையேனும் தேர்ந்து, முறையாகக் கற்ற ஓதுவார்கள், இசையாசிரியர்களைக் கொண்டு சுருதி, பண், தாளம் ஆகியவற்றை உறுதி செய்து, வழிப்பாடமாகப் பதிவு செய்து வைப்போம். இங்குள்ள குழந்தையும் மெல்பர்னில் உள்ள பேத்தியும் ஒரே பாடத்தைக் கற்கட்டும். அவள் விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு வரும்போது நேரே வந்து நம் கூட்டத்தில் அமர்ந்து பாடலாம்.

இரண்டு: முதியோர் குரல். படியேற முடியாத பெரியவர்களை அவர்களாகவே பதிவு செய்து அனுப்பச் சொல்வது முறையாகாது. நம் இளைஞர்கள் இருவர் இருவராக அவர்கள் வீட்டுக்குச் சென்று, அவர்கள் அருகில் அமர்ந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தனிப் பதிவையும் குடும்பத்தாரின் இசைவோடு ஒழுங்காகப் பெயரிட்டுப் பாதுகாக்க வேண்டும். பழைய மெட்டுகள் பல, ஏட்டில் இல்லாமல் அவர்கள் தொண்டையில்தான் இருக்கின்றன. இதைத் தள்ளிப் போட நமக்குக் காலம் இல்லை.

மூன்று: ஒரு விதி. சேர்ந்து பாடுவோம் என்று அழைத்து, பாடி அனுப்பிய எவருடைய குரலையும் நீக்குவதில்லை என்பதை எழுத்தில் வைத்துக் கொள்வோம். இரைச்சலை நீக்கலாம், அளவைக் குறைக்கலாம். ஆளை நீக்கக் கூடாது.

இப்பணிக்குக் கோபுரத் திருப்பணி அளவுக்குப் பெருந்தொகை வேண்டாம். நல்ல ஒலிவாங்கிகள் இரண்டு, கணினி ஒன்று, கற்பிக்கும் ஆசிரியருக்கு உரிய மதிப்பூதியம், பதிவுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் இளைஞர்களின் நேரம், இவ்வளவே. நீங்கள் விளக்குக்கு எண்ணெய் வழங்குகிறீர்கள், அன்னதானத்துக்கு அரிசி வழங்குகிறீர்கள். அவற்றோடு பாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக் கொள்கிறேன்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கருவிகள் உங்களுக்குப் பழக்கம். பாடல்கள் எங்களுக்குப் பழக்கம். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய், “ஒரு பாட்டு பாடுங்க தாத்தா, பதிவு பண்ணிக்கிறேன்” என்று கேளுங்கள். அவர் முதலில் மறுப்பார். தொண்டை சரியில்லை என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

தண்ணீர்மலையான் திருவருளால் நம் ஆலயமும் அறப்பணிகளும் மேலும் சிறக்க வேண்டும் என்றும், தொலைவில் உள்ள நம் மக்கள் அனைவரும் நலமோடு வாழ வேண்டும் என்றும் வேண்டிக் கொள்கிறேன்.